கட்டையாய்ப் போன வில்மரம்

மக்டலீன் வேலை முடிந்து வந்து பேஸ்மென்ற்றுக்கு இறங்கியபோது கடைசிப் படியடியில் செம்மஞ்சள் நிறத்தில் மரத்தூள் சிந்திக் கிடந்தது. அந்த வீட்டில் செம்மஞ்சளாகத் தூள் கொட்டக்கூடிய மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வில் செய்வதற்கென்று இரண்டு கோடைகாலமாகச் சுவரில் படுக்கையாகக் காய்ந்துகொண்டிருந்த யூ மரம் அது. லைட்டைப் போட்டாள். சுவர் வெறுமையாக இருந்தது.

மரம் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. ஆறடி இருந்த மரம் இப்போது அவளுடைய மூக்களவுக்குத்தான் வந்தது. மக்டலீன் முழு உயரத்துக்கு நிமிர்ந்தாலே ஐந்தடியைத் தொடமாட்டாள். மேல் நுனியில் இரண்டு ஆணிகள் அறையப்பட்டு, ஆணிகளில் கிழிந்த துணி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் மேலே போனாள். அவளுடைய கணவர் இராஜரட்ணம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். வானொலி நேரலையில் தன்னுடைய முறைக்காகக் காத்திருந்தார். இவளைக் கண்டதும், பேசாதே என்று கையைக் காட்டினார். பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டார். வீட்டில் பேசும் குரல் ஒன்று, வானொலிக்கென்று வைத்திருக்கும் குரல் வேறொன்று. "வணக்கம், நான் வெக்ஸ்போர்ட்டிலையிருந்து இராஜரட்ணம். எங்கடை சனம் மனந்தளரக் கூடாது. உது பின்வாங்கல் இல்லை. ஆமியை உள்ளுக்கை விட்டு அடிக்கிறதுக்கான ஏற்பாடு. சனம் இன்னும் கொஞ்சம் பொறுமையாய் நிக்கவேணும்."

நாலு மாதமாக இதே ஏற்பாடுதான். கிளிநொச்சி போனபோதும் உள்ளுக்கை விட்டு அடிக்கப்போகிறார்கள் என்றார். முல்லைத்தீவு போனபோதும் அதையே சொன்னார். இப்போது மிஞ்சியிருப்பது ஒரு கடற்கரைத் துண்டு. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவும் அதன் கார் நிறுத்துமிடமும் சேர்ந்தால் எவ்வளவு வருமோ அதைவிடக் கொஞ்சம் கூட. அதற்குள்ளும் விட்டு அடிக்கலாம் என்று இந்த மனிசன் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் தொலைபேசியை வைத்ததும் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, கீழை நிக்கிற மரத்தை ஆர் அறுத்தது?"

"எந்த மரம்?"

"என்ரை வில்லு மரம்."

"ஓ, அந்தத் தடியோ? நாங்கள்தான். கடையிலை வாங்கின கொடித்தடியள் காத்துக்கு முறியுதப்பா. உது நல்ல உறுதி. எங்களோடை வாற பிரவீனன்ரை காருக்குள்ளை கொள்ளேல்லை, அதுதான் கொஞ்சம் அறுத்தனாங்கள்."

"அறுத்த துண்டு?"

"அதிலை ஒரு போர்ட் அடிச்சுப் பிடிச்சனாங்கள். பொலிஸ் வரேக்கை எங்கையோ விழுந்திட்டுது." பிறகு, அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கார்டினரிலை நிண்ட தடி, தெரியுமோ? ரீவியிலையெல்லாம் காட்டினவங்கள்" என்றார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனம் திரண்டு போய்க் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்தது. கைக்குழந்தைகளோடும் போனார்கள். கனடாவில் அன்னையர் தினம். அம்மாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகிற கார்கள் எல்லாம் நகரமுடியாமல் நின்றன என்று வெள்ளைக்காரர் பேப்பரில் புலம்பியிருந்தார்கள். மக்டலீனுக்கு அந்த வெள்ளைக்காரர்களையும் பிடிக்கவில்லை. அவர்களுடைய புருண்ச் சாப்பாடு பிந்திப்போன துயரத்துக்கு அரைப்பக்கம். அங்கே பங்கருக்குள் கிடக்கிறவர்களுக்கு மூன்று வரி.

அவள் இந்த ஆர்ப்பாட்டங்களுக்கு ஒரு நாளும் போனதில்லை. யூனிவர்சிற்றி அவெனியூவுக்கும் போகவில்லை, ஒட்டாவாவுக்கும் போகவில்லை. அவளுடைய தங்கச்சி வேரோனிக்கா வன்னிக்குள் இருந்தாள். முந்தின வருஷம் வேரோனிக்காவின் மகள் ரெஜினாவை, பதினேழு வயதுப் பிள்ளையை, இயக்கம் வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனது. வேரோனிக்கா தொலைபேசியில் குளறினாள். இராஜரட்ணம் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "வீட்டுக்கு ஒராள் போகத்தானே வேணும்" என்றார். அன்றைக்கே மக்டலீன் அவருடைய தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தினாள். தன்னுடைய சுகத்தில் அவளுக்கு அக்கறை என்று அவர் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேரோனிக்கா கடைசியாக எடுத்தது ஜனவரியில். சுதந்திரபுரத்தில் நிற்கிறோம் என்றாள், ஷெல் விழுகிறது என்றாள். அதன் பிறகு ஒன்றுமில்லை.

மக்டலீன் கேத்தலை அடுப்பில் வைக்காமலே திரும்பவும் கீழே போய், குறட்டால் ஆணிகளைக் கழற்றினாள். ஆணி இறங்கிய இடத்தில் மரம் வெடித்திருந்தது. அந்த இரண்டு அங்குலத்தையும் வெட்டி எறியவேண்டி வந்தது. மிச்சம் ஐம்பத்திரண்டு அங்குலம்.

*

ரொறொன்ரோவின் நடுவில், டொன் பள்ளத்தாக்கில், ஈ. ரி. சீற்றன் பூங்காவில் அம்பெய்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. ஆரும் போகலாம். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பாரிஷ் பிக்னிக்கில், பங்குச் சனம் ஆட்டிறைச்சி ரோலைப் பற்றிப் பேசி முடிப்பதாக இல்லாததால், மக்டலீன் எழுந்து நடந்து அங்கே போய்ச் சேர்ந்தாள். ஒரு கிழவி தன்னுடைய வில்லைக் கொடுத்து இழுத்துப் பார் என்றாள். அம்பு வைக்கோலில் போய்க் குத்திய சத்தம் மக்டலீனுக்குப் பிடித்துப்போயிற்று. அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. அடுத்த கிழமையும் போனாள். இராஜரட்ணத்தின் சிநேகிதர்கள் அவளுக்கு 'வில்லி' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய மூளைக்கு அது பெரிய பகிடி.

பிறகு தானே வில் செய்யத் தொடங்கினாள். அலெக்ஸாண்டர் என்ற வெள்ளைக்காரன் தன்னுடைய கராஜில் சனிக்கிழமைகளில் பழக்கினான். ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சுவரை தாடி. பெண்களுக்கு வில் பிடிக்கக் காட்டும்போது முழங்கையைப் பிடித்துக் காட்டுவான், ஆண்களுக்கு வாயால் சொல்லுவான். உண்மையான வில் என்றால் யூ மரத்தில் செய்த ஆறடி நெடுவில்தான், அது சின்ன உருவத்துப் பெண்களுக்குச் சரிவராது என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னான். அடுத்த மாதமே மக்டலீன் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஆறடி யூ மரத்தைத் தருவித்தாள். செய்து முடித்து அவனுடைய தாடிக்கு முன்னால் நீட்டவேண்டும் என்பதுதான் எண்ணம்.

சனிக்கிழமை காலை ஐம்பத்திரண்டு அங்குலத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவனுடைய கராஜுக்குப் பஸ் ஏறினாள்.

அலெக்ஸாண்டர் மரத்தை வாங்கி, புரட்டி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தான். என்ன நடந்தது என்று கேட்டான். தவறுதலாக அறுபட்டுவிட்டது என்றாள். கணவர் கொடி பிடிக்க அறுத்தார் என்று அவனுக்குச் சொன்னால், அவன் புருவத்தைத் தூக்குவான், பிறகு இவள் இலங்கைச் சரித்திரத்தைச் சொல்லி முடிக்கவேண்டி வரும்.

"இதில் நெடுவில் வராது" என்றான், கண்டுபிடித்தவன் மாதிரி.

"அது எனக்கும் தெரியும்."

அவன் விளக்கத் தொடங்கினான். வில் வளையும்போது அதன் வெளிப்பக்கம், அதாவது முதுகு, இழுபடும், எய்கிறவரைப் பார்க்கிற வயிறு நசிபடும். மரம் நீளமாக இருந்தால் அந்தப் பாரம் எல்லா இடத்துக்கும் பரவும். கட்டையாக இருந்தால் ஒரே இடத்தில் ஏறி, முறிந்துபோகும். அவள் அவனிடமே இரண்டு வருஷத்துக்கு முன் படித்த பாடம். ஆனாலும் அவன் முழுதாகச் சொல்லி முடித்தான். ஆகவே நீராவியில் அவித்து இரண்டு நுனிகளையும் முன்பக்கம் வளைத்துவிடவேண்டும், அப்போது கட்டை வில்லும் நெடுவில்லைப் போல இழுக்க இதமாக இருக்கும், அம்பும் வேகமாகப் போகும் என்றான். நுனி வளைப்பது பாடு பிடித்த வேலை, கொஞ்சம் கோணினாலும் நாண் நழுவிவிடும், ஆகவே மரத்தை விட்டுவிட்டுப் போனால் தானே செய்து தருவதாகச் சொன்னான்.

"தாறன், தாறன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டு மரத்தைத் திருப்பி வாங்கினாள்.

ராகவன் ஓடி வந்தான். சென்னைக்காரன், ஏதோ வங்கியில் கம்பியூட்டர் வேலை. இந்த நாட்டில் தமிழ் பேசுகிற வில்லுக்காரர் தாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அவளிடம் ஓர் உரிமை எடுத்துக்கொள்வான். லாப்டாப்பில் எட்டு விதமான வில் வரைந்து வைத்திருந்தான். மரத்தில் ஒன்றுகூடச் செய்து முடித்ததில்லை.

"மேடம், இதுக்கு சிம்பிள் சொல்யூஷன் இருக்கு. நடுவுல ரெண்டா வெட்டிடுங்க. ஒரு கெட்டியான கைப்பிடி தனியா பண்ணி, ரெண்டு பக்கமும் இதை மாட்டிட்டா, உங்களுக்கு அஞ்சே முக்கால் அடி வந்துடும். ஸ்ட்ரெஸ் எவ்வளவுன்னு நான் கால்குலேட் பண்ணித் தரேன்."

அறுத்த மரத்தை இன்னும் ஒருக்கால் அறுக்கச் சொல்கிறான். சினிமாவில் டாக்டர், பிழைக்கமாட்டார் என்று சொல்லும்போது முகத்தை வைத்துக்கொள்வது மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான்.

"தம்பி, நீர் முதல் ஒரு வில்லைச் செய்து கொண்டுவாரும்" என்றாள்.

"நீங்க கோவிச்சுக்காதீங்க மேடம்" என்றான் ராகவன். பிறகு, கொஞ்சம் பம்மி, "ஆமா, உங்க டிரா லெங்த் எவ்வளவு? அம்பை எவ்வளவு தூரம் இழுப்பீங்க? அது தெரியாம கால்குலேட் பண்ண முடியாது" என்று கேட்டான்.

அவளுக்கு அது தெரியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அது அவளை அரித்தது. அலெக்ஸாண்டரின் கராஜில் எல்லாருக்கும் இருபத்தெட்டு அங்குலம் என்றுதான் கணக்கு. அங்கே சுவரில் மாட்டியிருந்த அளவுகோல் அப்படி. இவளும் எல்லா வில்லையும் அந்தக் கணக்குக்கே வளைத்துப் பழகினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓர் அம்பில் பென்சிலால் அங்குலங்களைக் குறித்தாள். படுக்கையறை நிலைக்கண்ணாடிக்கு முன்னால் தன்னுடைய பழைய பயிற்சி வில்லை இழுத்துப் பிடித்தாள். தோளை நிமிர்த்தி, பெருவிரல் கன்னத்தில் படும்வரை, ஒழுங்காக. இருபத்துமூன்றரை. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இழுத்தாள். அதே இருபத்துமூன்றரை.

கட்டிலில் இருந்துகொண்டாள். தன்னிலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. இந்தக் கைக்கு ஆறடி வில் எதற்கு? அலெக்ஸாண்டருடைய கைக்குப் பொருந்துகிற வில்லை, அலெக்ஸாண்டருக்குக் காட்டுவதற்காக, இரண்டு வருஷம் காயவைத்திருக்கிறாள். அவனை மடையன் என்று நினைத்துக்கொண்டே அவனுடைய அளவுகோலைச் சுமந்து திரிந்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு அங்குலம் அவனுக்குத்தான் கட்டை. இருபத்துமூன்றரை இழுக்கிறவளுக்கு, ஒழுங்காகச் செய்தால், போதும்.

அப்படியென்றால், யோசித்துப் பார்த்தால், இராஜரட்ணம் மரத்தை அறுத்தது ஒரு உதவி. அதை யோசிப்பதை அவள் உடனேயே நிறுத்தினாள். சாகும்வரை அவருக்கு அதைச் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தாள்.

வில்லின் வடிவத்தையும் அன்றைக்கே முடிவெடுத்தாள். நெடுவில்லைப் போல ஒடுங்கி உருண்டதாக இல்லாமல், தட்டையாக, நடுவில் மூன்று விரல் அகலத்தில், நுனிக்குப் போகப்போகச் சின்னிவிரல் அளவுக்குக் குறுகவேண்டும். கைபிடிக்கிற இடமும் விறைத்துக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் வளையவேண்டும். அப்போதுதான் இருக்கிற நீளத்தில் ஓர் அங்குலமும் வீணாகாது. நுனி வளைப்பதில்லை. ஒட்டுவதில்லை. முதுகில் இருக்கிற வெள்ளை வெளிறை, வெளியோரத்து இளமரத்தை, தொடுவதில்லை, வயிற்றுப் பக்கத்து வைரமரத்தை மட்டும்தான் சீவுவது. பார்க்க ஒரு சாதாரண பட்டைத் தடி மாதிரி இருக்கும். அலெக்ஸாண்டருக்கு அது வில் என்றே படாது.

அன்றைக்கே சீவத் தொடங்கினாள்.

*

திங்கட்கிழமை விக்ரோறியா தினம். ஜன்னல் கண்ணாடி பொருத்துகிற அவளுடைய பக்ரறி பூட்டியிருந்தது. காலையிலிருந்து பேஸ்மென்ற்றில் நின்றாள். பிடிக்குறட்டில் மரம், அவள் கையில் சீவுகத்தி. செம்மஞ்சள் சுருள்கள் காலடியில் விழுந்துகொண்டிருந்தன. மேலே ரீவி கத்திக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு நேரம் ரீவி நின்றது. வழக்கமாக அப்போது தொலைபேசி தொடங்கும். அதுவும் தொடங்கவில்லை.

அவள் மேலே போய்ப் பார்க்கவில்லை. மேலே என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே சண்டை முடிகிறது என்று மூன்று நாளாகவே தெரியும். இராஜரட்ணமும் அவருடைய வானொலியும் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

வெளிச்சம் மங்கத் தொடங்க, தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. மகாராணியின் பிறந்தநாளைக்கு இந்த ஊரில் வெடி கொளுத்துவார்கள். எந்த மகாராணி, எப்போது செத்தவள் என்று கேட்டால் கொளுத்துகிறவனுக்கே தெரியாது. மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டு அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். பேஸ்மென்ற் ஜன்னலில் தெரிவது கால்கள்தான். இராஜரட்ணத்தின் வெறுங்கால்கள் சாரத்தோடு டிரைவ்வேயில் போய்க்கொண்டிருந்தன.

அவள் ஓடினாள். அவர் அடுத்த வீட்டுக்காரரின் முன்னால் நின்று, "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரர் லெபனானியர், லோறன்ஸ் வீதியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். இந்தக் கிழவர் நெருப்புக்குப் பயப்படுகிறார் என்று அவர் நினைத்துவிட்டார். தோளில் தட்டி, பயப்படாதே, வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறேன், இது மகாராணியின் பிறந்தநாள், ஒன்றும் நடக்காது என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். அவருடைய சின்ன மகள் ஒரு மத்தாப்புக் கம்பியை நீட்டினாள்.

இராஜரட்ணம் அதை வாங்கினார். "தாங்க்யூ" என்றார்.

மக்டலீன் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நாலு மாதமாக வானொலியில் உலகத்துக்கே கட்டளை போட்ட மனிசன், கொளுத்தாத மத்தாப்போடு தன் வீட்டு வாசலில் நின்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது.

"கொழும்பிலையும் வெடி கொளுத்துறாங்கள்" என்றார் அவர். "ரீவியிலை காட்டுறாங்கள். றோட்டிலை நிண்டு பாற்சோறு குடுக்கிறாங்கள்."

அவள் கீழே போனாள். கொஞ்ச நேரத்தில் அவரும் இறங்கி வந்து படியில் இருந்தார்.

"எல்லாரும் போய்ச் சேர்ந்திட்டினமாம்."

"ஆர் எல்லாரும்?"

"எல்லாரும்தான். தலைமை... எல்லாரும்."

மக்டலீன் கத்தியை வைத்தாள். "வேரோனிக்காவும் உந்த எல்லாருக்குள்ளையும் அடக்கமோ?"

அவர் வேரோனிக்காவை நினைக்கவேயில்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. அழுதழுது கண் வீங்கியிருந்தவர், ஒரு முறைகூட அவளுடைய தங்கச்சியை நினைத்து அழவில்லை. அவளுக்கு அவர் மேல் இருந்த வெறுப்பு அந்த நிமிஷத்தில் அடிமட்டத்தைத் தொட்டது. அதற்குக் கீழே போக இடமில்லை.

"ஏதும் செய்யட்டே?" என்று கேட்டார்.

உண்மையில் அவளுக்கு ஒரு கை தேவைப்பட்டது. நாண் கட்டிய வில்லைச் சுவரில் படுக்கையாக மாட்டி, நாணில் கட்டிய கயிற்றை ஒரு கப்பி வழியாக ஒராள் கீழே நின்று இழுக்கவேண்டும். மற்றாள் தூர நின்று வில்லின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்க்கவேண்டும். தனியாகச் செய்தால் இழுத்துக்கொண்டே எட்டிப் பார்க்கவேண்டும், அது சரிவராது.

"உந்தக் கயித்தைப் பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் இழுக்கப்படாது. சொன்னாப் பிறகும் மெள்ள."

அவர் பிடித்தார். அவள் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள்.

"இழுங்கோ. மெள்ள! மாட்டை இழுக்கிற மாதிரி இழுக்காதையுங்கோ. விடுங்கோ. திரும்ப."

இழுத்தார், விட்டார். இழுத்தார், விட்டார். தெருவில் வெடி தொடர்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் கயிறு துள்ள, வில்லும் ஆடியது. அவள் வெடி ஓயும்வரை பொறுத்து, பிறகு இழுக்கச் சொன்னாள். சிலநேரம் இறக்கி, அரத்தால் இரண்டு தேய் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

"இடப்பக்கம் வளையேல்லைப் போலக் கிடக்கு" என்றார் ஒரு தடவை.

அவள் பார்த்தாள். இடப்பக்கம், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, விறைப்பாகத்தான் நின்றது. அவளுடைய கண்ணுக்கு அது தப்பியிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைச் சீவினாள்.

*

வேரோனிக்கா ஜூன் மாதக் கடைசியில் எடுத்தாள். செட்டிகுளத்து முகாமிலிருந்து. ஆரோ ஒளித்து வைத்திருந்த ஒரு செல்போன், பின்னால் வரிசையில் ஆட்கள். மக்டலீனுக்கு முதலில் குரல் பிடிபடவில்லை. கிழவியின் குரல் போல இருந்தது.

"அக்கா, நான் உயிரோடை இருக்கிறன். அவரும் இருக்கிறார், கால்தான் ஏலாது. ரெஜினா வரேல்லை."

"எங்கை? ஆமி பிடிச்சுத் தடுப்பிலை வைச்சிருக்கிறாங்களோ?"

"வரேல்லை அக்கா." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "நீங்கள் அங்கை றோட்டை மறிச்சனீங்களாம். இஞ்சை சனம் கதைக்குது. நீயும் போனனியோ?"

"இல்லை."

"அப்ப நீ என்ன செய்துகொண்டிருந்தனீ?"

குத்தலாகக் கேட்டாளா, சும்மாதான் கேட்டாளா என்று தெரியவில்லை. ஐந்து மாதமாக மக்டலீன் உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் பார்த்துச் சிரித்தாள். கொடி பிடித்தவனைப் பார்த்து, பிடிக்காதவனைப் பார்த்து, வானொலியைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து. அந்தக் கேள்வியை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. மரம் சீவினேன் என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வது?

இராஜரட்ணம் பக்கத்தில் நின்றார். ஸ்பீக்கரில் எல்லாம் அவருக்குக் கேட்டது. அவர் முன்னால் குனிந்தார்.

"வேரோனிக்கா, நான் அத்தான். அக்கா உமக்காக ஒவ்வொரு நாளும் சேர்ச்சுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினவ. ஒரு நாளும் விடேல்லை."

"அத்தான்" என்றாள் வேரோனிக்கா. "உங்கடை குரலை நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து கேட்டனாங்கள். வெளிநாட்டிலை கதைக்கிறதை இஞ்சத்தை ரேடியோவிலை போட்டவை. வெக்ஸ்போர்ட்டிலையிருந்து இராஜரட்ணம். சனம் இன்னும் கொஞ்சம் பொறுமையாய் நிக்கவேணும் எண்டு சொன்னீங்கள். நாங்கள் நிண்டனாங்கள்தான், அத்தான். வேறை எங்கை போறது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது என்று இருந்தது. பின்னால் ஆரோ அவசரப்படுத்த, வைத்துவிட்டாள்.

இராஜரட்ணம் சோபாவில் போய் இருந்தார். மக்டலீன் சோபாவின் மறு கரையில் இருந்தாள். அவருக்கு நல்லாய் வேணும் என்று நினைக்க முயன்றாள். பாதிதான் முடிந்தது. தனக்காகச் சொன்ன பொய்க்கு இந்த மனிசன் வாங்கிக் கட்டியிருக்கிறார். உதவி கேளாமல் வந்து உதவி செய்து, அதையும் கோணலாகச் செய்து, கடைசியில் அவளைக் கடன்காரியாக்குவதே இந்த மனிசனின் வழக்கமாகப் போய்விட்டது.

அதன் பிறகு அவர் வானொலிக்கு எடுக்கவில்லை. நிகழ்ச்சிக்காரர் இரண்டு முறை தாங்களாகவே எடுத்து, ஏன் ஐயா கதைக்கிறதில்லை என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றார்.

*

ஜூலையில் வில் முடிந்தது. நடுவில் தோல் சுற்றி, ஆளிவிதை எண்ணெய் பூசினாள். முதுகு வெள்ளையாகவும் வயிறு செம்மஞ்சளாகவும் இருந்தது. சீற்றன் பூங்காவுக்கு இராஜரட்ணம் தானே காரில் கொண்டுபோய் விட்டார். வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. அவரைத் தூரத்து மரவாங்கில் இருத்திவிட்டுப் போனாள்.

முதல் அம்பு வைக்கோலுக்கு மேலால் பறந்து புதருக்குள் போயிற்று. இவ்வளவு வேகத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது குத்தியது. மூன்றாவதும் குத்தியது. மஞ்சள் வட்டத்தில் இல்லை, ஆனாலும் குத்தியது.

அலெக்ஸாண்டர் வந்து நின்றான். தாடியைத் தடவினான். இது என்ன வகை வில் என்று கேட்டான். வகை ஒன்றுமில்லை என்றாள். பிடியும் வளைகிறதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினான். "கொடு பார்ப்போம்."

"இல்லை" என்றாள்.

அவன் சிரித்தான். ஒருக்கால் இழுத்துப் பார்க்கத்தான் என்றான்.

"உன்னுடைய கை நீளம். நீ இழுத்தால் முறியும்."

அவன் தன்னுடைய நீளமான கைகளை முதன்முறையாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். பிறகு போய்விட்டான். ராகவன் மட்டும் தூரத்திலிருந்து லாப்டாப்பைத் தூக்கிக் காட்டி, "எவ்வளவு மேடம்?" என்று கத்தினான்.

"இருபத்துமூன்றரை!" என்று திருப்பிக் கத்தினாள்.

ஓகஸ்டில் வேரோனிக்கா திரும்ப எடுத்தாள். முகாமுக்குள் மழை, கூடாரத்துக்குள் தண்ணீர், கழிப்பறை நிரம்பி வழிகிறது. கணவனின் காலைப் பற்றிச் சொன்னாள். ரெஜினாவைப் பற்றிச் சொல்லவில்லை, மக்டலீனும் கேட்கவில்லை. சொல்லவேண்டியதெல்லாம் முடிந்து, வைக்கப் போகிற நேரத்தில் மக்டலீன் சொன்னாள்:

"அத்தான் அண்டைக்குச் சொன்னது பொய். நான் சேர்ச்சுக்குப் போகேல்லை."

"தெரியும்."

"நான் வில்லு செய்துகொண்டிருந்தனான்."

"என்ன?"

"வில்லு. அம்பு எய்யிற வில்லு. மரத்தைச் சீவி."

மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று மக்டலீன் முதலில் நினைத்தாள். இருமல் இல்லை.

"விசரி" என்றாள் வேரோனிக்கா. "உனக்கு முத்தின விசர். இஞ்சை நாங்கள் சாகிறம், நீ அங்கை..." அவளால் சொல்லி முடிக்க முடியவில்லை. சிரித்தாள். வெறுப்போடுதான் சிரித்தாள், அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் அது வேரோனிக்காவின் பழைய சிரிப்பு, மூக்கால் வருகிற சிரிப்பு. பின்னால் வரிசையில் நின்ற ஆரோ, என்ன என்ன என்று கேட்டார்கள். "என்ரை அக்கா கனடாவிலை வில்லு செய்யிறாவாம்" என்று அவர்களுக்குச் சொன்னாள். அங்கேயும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"பட்டுதோ?" என்று கேட்டாள் வேரோனிக்கா.

"என்ன?"

"அம்பு. எய்தா படுகுதோ?"

"சிலவேளை."

"ம்" என்றாள் வேரோனிக்கா. வரிசை நகரவேண்டும் என்று ஆரோ கத்தினார்கள். "சரி, வைக்கிறன். அடுத்த கிழமை எடுப்பன். வீட்டிலை நில்."